சி.என்.ஏ. பயிற்சியும் தேர்வும்: அமெரிக்காவில் செவிலியர் உதவியாளர் ஆக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்பவர்களில் பெரும்பாலானோர் கணவரின் அல்லது மனைவியின் வேலைக்காக இங்கே வந்து, சில ஆண்டுகள் வீட்டில் இருந்துவிட்டு, ஏதாவது ஒரு வேலையில் காலூன்ற நினைப்பவர்கள். நான் நர்சிங் ஹோமில் (இங்கே அது முதியவர்களையும் நீண்ட நாள் கவனிப்பு வேண்டியவர்களையும் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) சி.என்.ஏ.வாக, அதாவது சான்றிதழ் பெற்ற செவிலியர் உதவியாளராக ஆரம்பித்து, பிறகு நர்ஸுக்குப் படித்து, இப்போது சி.என்.ஏ. வகுப்பு எடுக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குப் போதாது.

சி.என்.ஏ. என்பவர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

தானாக எழுந்து நடக்கவோ குளிக்கவோ சாப்பிடவோ முடியாதவர்களுக்கு அந்த வேலைகளில் கூட இருந்து உதவுவதுதான் வேலையின் பெரும்பகுதி. காலையில் எழுப்பி, பல் துலக்கிவிட்டு, முகம் கழுவி, உடை மாற்றி, படுக்கையிலிருந்து வீல்சேருக்கு மாற்றி உட்கார வைப்பது, சாப்பாடு ஊட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, போக முடியாதவர்களுக்குப் பெட்பேன் வைப்பது, அசுத்தமானால் துடைத்துச் சுத்தம் செய்வது, படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பது. நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், எடை எல்லாம் பார்த்துக் குறிப்பதும் உண்டு.

இதோடு யாரும் முதலில் சொல்லாத இன்னொரு வேலை இருக்கிறது. ஒருவரிடம் ஏற்படும் மாற்றத்தை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் நீங்கள்தான். நர்ஸ் ஒரு ஷிஃப்டில் பல பேருக்கு மருந்து கொடுத்துக்கொண்டு ஓடுவார், டாக்டர் தினமும் வரமாட்டார். நேற்று வரை நன்றாகப் பேசிய பாட்டி இன்று காலை குழறிப் பேசுகிறார், இடுப்பு எலும்பு இருக்கும் இடத்தில் தோல் சிவந்து, அழுத்தினாலும் சிவப்பு மறையவில்லை, இரண்டு வேளையாகச் சாப்பாடு அப்படியே திரும்பி வருகிறது. இதையெல்லாம் பார்த்து உடனே நர்ஸிடம் சொல்வது உங்கள் பொறுப்பு. சொல்லத் தவறினால் அந்தச் சிவப்பு படுக்கைப் புண்ணாகிவிடும், ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

மருந்து கொடுக்கலாமா, ஊசி போடலாமா?

கூடாது. சில மாநிலங்களில் தனிப் பயிற்சி முடித்தவர்கள் மெடிகேஷன் எய்டாக மாத்திரை கொடுக்கலாம், அது வேறு சான்றிதழ். வெறும் சி.என்.ஏ.வாக இருக்கும்போது குடும்பத்தினர் கெஞ்சினாலும், நர்ஸே அவசரத்தில் கேட்டாலும், "எனக்கு அனுமதி இல்லை" என்று சொல்லிவிடுங்கள்.

எத்தனை மணி நேரப் பயிற்சி?

1987-இல் வந்த ஃபெடரல் சட்டம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. அதற்கு முன்பு பல இடங்களில் எந்தப் பயிற்சியும் இல்லாதவர்களே முதியவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நர்சிங் ஹோம்களின் நிலைமை மோசம் என்று நாடு முழுவதும் பேச்சு எழுந்த பிறகுதான் சட்டம் வந்தது. அதன்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும், அதில் குறைந்தது 16 மணி நேரம் மேற்பார்வையோடு செய்முறை இருக்க வேண்டும்.

இது குறைந்தபட்சம்தான். மாநிலம் இதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், கேட்கவும் செய்கிறது. கலிபோர்னியாவில் 160 மணி நேரம், அதில் 100 மணி நேரம் கிளினிக்கல், அதாவது உண்மையான இடத்தில் உண்மையான மனிதர்களோடு செய்யும் பயிற்சி. மெய்ன் மாநிலத்தில் 180. டெக்சாஸில் 100, இல்லினாயில் 120. மிச்சிகன், வட கரோலினா போன்ற இடங்களில் 75. அதனால் ஒரு மாநிலத்தில் இருக்கும் தோழி "நான் மூன்று வாரத்தில் முடித்தேன்" என்று சொன்னால் உங்கள் ஊரிலும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

மணி நேரம் குறைவாக இருப்பதை எல்லாரும் ஒரு வசதியாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 75 மணி நேரத்தில் தேர்வுக்குத் தயாராகிவிடலாம், ஆனால் பக்கவாதம் வந்த ஒருவரைத் தனியாகத் தூக்கி உட்கார வைக்கும் தைரியம் அதற்குள் எல்லாருக்கும் வந்துவிடாது. இரண்டு பள்ளிகளில் எதில் சேருவது என்ற குழப்பம் இருந்தால் கிளினிக்கல் அதிகம் உள்ள பள்ளியை எடுங்கள், ஒன்றிரண்டு வாரம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

முழுக்க ஆன்லைனிலேயே முடித்துவிடலாமா?

முடியாது. தியரி வகுப்பை ஆன்லைனில் நடத்தப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன, செய்முறையும் கிளினிக்கலும் நேரில்தான். "வீட்டிலிருந்தே சி.என்.ஏ. சான்றிதழ், பத்து நாளில்" என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டுவதற்கு முன்னால், மாநில அரசின் இணையதளத்தில் இருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையங்களின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இல்லாத இடத்தில் படித்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பி வராது.

நல்ல பயிற்சி நிலையத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பட்டியலில் இருப்பது முதல் படி மட்டும்தான். சேருவதற்கு முன் நேரில் போய், செய்முறை அறையைக் காட்டச் சொல்லுங்கள். படுக்கை, வீல்சேர், கழுவுவதற்கு உண்மையான சிங்க், தூக்குவதற்கான மெக்கானிக்கல் லிஃப்ட் எல்லாம் இருக்கிறதா, ஒரு படுக்கைக்கு எத்தனை மாணவர்கள் என்று பாருங்கள். கிளினிக்கல் எந்த நர்சிங் ஹோமில், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாமல் "அதெல்லாம் பிறகு சொல்கிறோம்" என்றால் வேறு இடம் பாருங்கள். கட்டணத்தில் தேர்வுக் கட்டணமும் புத்தகமும் யூனிஃபார்மும் அடக்கமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே படித்தவர்களில் எத்தனை பேர் முதல் முயற்சியிலேயே தேறுகிறார்கள் என்றும் கேட்கலாம், தயங்க வேண்டியதில்லை.

நர்சிங் ஹோம்களே நடத்தும் பயிற்சியும் இருக்கிறது. பரிசோதனையில் கடுமையான குறைபாடுகள் கண்டுபிடிக்கப்பட்டுப் பெரிய அபராதம் விழுந்த நர்சிங் ஹோம் இரண்டு ஆண்டுகளுக்குப் பயிற்சி நடத்தும் அனுமதியை இழக்கும். முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரின் இணையதளத்தில் ஒவ்வொரு நர்சிங் ஹோமுக்கும் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பீடு கொடுத்திருப்பார்கள். படிக்கப் போகும் இடமோ வேலைக்குப் போகும் இடமோ, அதை ஒரு முறை பார்த்துவிட்டுப் போங்கள்.

எவ்வளவு செலவாகும்? இலவசமாகப் படிக்க முடியுமா?

தனியார் பள்ளியிலும் கம்யூனிட்டி காலேஜிலும் சில நூறு டாலரிலிருந்து இரண்டாயிரம் டாலர் வரையும், சில இடங்களில் அதற்கு மேலும் ஆகும். தேர்வுக் கட்டணம் பெரும்பாலும் தனி.

ஆனால் பணம் கட்டுவதற்கு முன்பு இதைத் தெரிந்துகொள்ளுங்கள், பலருக்கு யாரும் சொல்வதில்லை. மெடிகேர், மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பணம் வாங்கும் நர்சிங் ஹோம் ஒன்றில் நீங்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தாலோ, பயிற்சி தொடங்கும்போது வேலை தருவதாக அவர்கள் சொல்லியிருந்தாலோ, பயிற்சிக்கோ தேர்வுக்கோ உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. புத்தகக் கட்டணமும் இதில் சேர்த்தி. இது ஃபெடரல் விதி. நீங்களே பணம் கட்டிப் படித்து, முடித்த 12 மாதத்துக்குள் அப்படிப்பட்ட நர்சிங் ஹோமில் வேலைக்குச் சேர்ந்தாலும், செலவழித்த பணத்தை நீங்கள் வேலை பார்க்கும் காலத்துக்கு ஏற்பப் பகுதி பகுதியாகத் திரும்பப் பெற மாநிலம் வழி செய்ய வேண்டும். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வேலைக்குச் சேரும் அன்றே எச்.ஆர். ஆட்களிடம் இதைக் கேளுங்கள், அவர்களாகச் சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம்.

நர்சிங் ஹோம் தானே சம்பளம் கொடுத்துப் பயிற்சியும் கொடுப்பது இன்னும் நல்லது. சான்றிதழ் இல்லாதவரை, அவர் பயிற்சியில் இருக்கும்போது, அதிகபட்சம் நான்கு மாதம் வரை வேலையில் வைத்துக்கொள்ளலாம் என்று விதி அனுமதிக்கிறது. "இத்தனை மாதம் எங்களிடமே வேலை பார்க்க வேண்டும்" என்று ஒப்பந்தம் நீட்டினால் முழுவதையும் படியுங்கள், நடுவில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்ற வரியைக் கண்டுபிடித்த பிறகுதான் கையெழுத்து. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசின் வேலைவாய்ப்பு மையங்கள் வழியாகவும் உதவித்தொகை கிடைக்கும், உங்கள் கவுன்டி மையத்தில் விசாரியுங்கள்.

என்ன தகுதி வேண்டும்?

பெரும்பாலான இடங்களில் 18 வயது, சில மாநிலங்களில் 16 போதும். ஃபெடரல் சட்டம் பள்ளிப் படிப்பை நிபந்தனையாக வைக்கவில்லை, ஆனால் சில பள்ளிகள் கேட்கும். குற்றப் பின்னணி சோதனையும் கைரேகையும் உண்டு. காசநோய் பரிசோதனை, தடுப்பூசி விவரம் இல்லாமல் கிளினிக்கலுக்குள் விடமாட்டார்கள். நம்மில் பலர் சின்ன வயதில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையில் அதனாலேயே காசநோய்க் கிருமி இருப்பதுபோலக் காட்டலாம். ரத்தப் பரிசோதனை மூலம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதில் பி.சி.ஜி. குழப்பம் வராது. இதில் நாள் இழுத்து ஒரு பேட்ச்சையே தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், முதல் வாரமே செய்துவிடுங்கள்.

எச்-4 விசாவில் இருக்கிறேன், முடியுமா?

படிக்கலாம், வேலை பார்க்க வேலை அனுமதி அட்டை வேண்டும். எச்-1பி விசாவில் இருக்கும் துணைவரின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக அவருடைய நிறுவனம் போடும் மனு) அங்கீகரிக்கப்பட்டிருந்தால் பொதுவாக அந்த அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சம்பளத்தோடு கொடுக்கும் பயிற்சியும் வேலைதான், அட்டை கையில் வராமல் அதில் சேராதீர்கள். எல்-1 விசாவில் வேலை பார்ப்பவரின் எல்-2 துணைவருக்கு விசாவோடே வேலை அனுமதி வருகிறது. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அம்மாவையோ மாமியாரையோ இந்த வேலைக்கு அனுப்பலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடவே கூடாது, பணத்தைக் கையில் கொடுத்தாலும் சட்டப்படி அது வேலைதான்.

இன்னொன்று, இரண்டு ஆண்டுகளுக்குள் வேலை அனுமதி வராது என்று தெரிந்தால் இப்போது படிக்க வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

இங்கிலீஷ் சரளமாக வராதே?

வகுப்பில் பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நம் ஊர்ப் பெண்கள் பலரும் இந்தப் பயத்தோடுதான் வருகிறார்கள். எழுத்துத் தேர்வைப் படித்து எழுதுவது கடினம் என்றால் கேள்விகளை ஹெட்ஃபோனில் கேட்டுப் பதில் சொல்லும் வாய்மொழித் தேர்வு உண்டு, விண்ணப்பிக்கும்போதே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இலக்கணப் பிழை யாருக்கும் தொந்தரவு இல்லை. முதியவர் சொல்வது புரிய வேண்டும், புரியவில்லை என்றால் திரும்பக் கேட்க வேண்டும். வலி எங்கே, தலை சுற்றுகிறதா, மூச்சு முட்டுகிறதா, பாத்ரூம் போக வேண்டுமா, இப்போது உங்களைத் திருப்பப் போகிறேன், குளிர்கிறதா. இப்படி ஒரு ஐம்பது வாக்கியங்கள் தடையில்லாமல் வாயில் வந்துவிட்டால் வேலையைத் தொடங்கிவிடலாம். புரியாமலேயே தலையாட்டுவதுதான் ஆபத்து. நர்ஸ் "இவருக்கு வாயால் எதுவும் கொடுக்காதே" என்று சொன்னதைப் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

வகுப்பில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்?

ஒரு மனிதரைத் தொடுவதற்கு முன்பே குறைந்தது 16 மணி நேரம் சில பாடங்களைப் படித்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பேசிப் பழகும் முறை, தொற்றுக் கட்டுப்பாடு, தொண்டையில் உணவு அடைத்தால் என்ன செய்வது என்பது உட்பட்ட அவசரகாலப் பாதுகாப்பு, அவர்களால் முடிந்ததை அவர்களையே செய்ய விடுவது, அவர்களுடைய உரிமைகள். இந்தப் பட்டியலில் கடைசி இரண்டை நம்மவர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள், ஆனால் வேலையே அதில்தான் இருக்கிறது.

நம் வீடுகளில் முதியவர் மீது அன்பு என்றால் எல்லாவற்றையும் நாமே செய்து கொடுப்பது. ஒரு கை வராத தாத்தா சட்டைப் பொத்தான் போட ஐந்து நிமிடம் திணறினால் நமக்குப் பொறுக்காது, போட்டு விட்டுவிடுவோம். இங்கே அவர் போடட்டும் என்று பக்கத்தில் நிற்கச் சொல்வார்கள். காரணம், பயன்படுத்தாத தசை வேகமாகச் சுருங்கும், மடங்கிய மூட்டு அப்படியே இறுகிவிடும், பிறகு கொஞ்சநஞ்சம் வந்ததும் வராது. உரிமை என்பதும் அப்படித்தான். குளிக்க மாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் காரணம் கேட்கலாம், சாயங்காலம் குளிக்கலாமா என்று கேட்கலாம், நர்ஸிடம் சொல்லலாம். பிடித்து இழுத்துக்கொண்டு போனால் அது துன்புறுத்தல்.

அப்புறம் செய்முறைகள். உடை மாற்றும்போது பலவீனமான கையை முதலில் சட்டையில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையிலிருந்து தொடங்க வேண்டும். பெண்களுக்கு அந்தரங்கப் பகுதியை முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், மாற்றித் துடைத்தால் சிறுநீர்த் தொற்று வரும், வயதானவர்களுக்கு அந்தத் தொற்றே திடீர்க் குழப்பத்தையும் கீழே விழுவதையும் கொண்டு வரும். ஊட்டும்போது நிமிர்ந்து உட்கார வைத்து, நீங்களும் அவர் கண் மட்டத்தில் உட்கார்ந்து, சிறு வாயாகக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்த பிறகுதான் அடுத்தது. குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் மில்லிலிட்டரில் கணக்கு எழுதுவது, டிமென்ஷியா (நினைவிழப்பு நோய்) உள்ளவரிடம் வாதாடாமல் பேசுவது, இறக்கும் தறுவாயில் இருப்பவரைக் கவனிப்பது எல்லாம் வரும்.

தேர்வு எப்படி இருக்கும்?

இரண்டு பகுதி. ஒன்று எழுத்துத் தேர்வு அல்லது வாய்மொழித் தேர்வு, பல மாநிலங்களில் 60, 70 கேள்விகள் அளவில், நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. மற்றது செய்முறைத் தேர்வு. இதை நடத்துவது கிரெடென்ஷியா, புரோமெட்ரிக், ஹெட்மாஸ்டர் போன்ற நிறுவனங்கள், உங்கள் மாநிலத்துக்கு எது என்று வகுப்பில் சொல்வார்கள். அந்த நிறுவனத்தின் கையேட்டைத்தான் படிக்க வேண்டும், யூடியூப் வீடியோ வேறு மாநிலத்தினுடையதாக இருந்தால் படிகள் மாறியிருக்கும்.

பல மாநிலங்கள் பின்பற்றும் முறையில், இருபதுக்கும் மேற்பட்ட செய்முறைகளிலிருந்து ஐந்து வரும். கை கழுவுதல் எல்லாருக்கும் உண்டு, இன்னொன்று அளந்து எழுத வேண்டியது, அதாவது நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், எடை, சிறுநீர் அளவு இவற்றில் ஒன்று. நேரம் அரை மணி போல. நாடியை ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும், அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது இங்கே செல்லாது. தேர்வாளர் எண்ணியதற்கும் உங்கள் எண்ணுக்கும் நான்கு துடிப்புக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

எங்கே தவறுகிறார்கள்?

பெரும்பாலும் சின்ன விஷயங்களில். கை கழுவும்போது சோப்பு நுரையோடு 20 நொடியாவது தேய்க்க வேண்டும், விரல் நுனி முழங்கையைவிடத் தாழ்ந்தே இருக்க வேண்டும், சிங்கின் உட்புறத்தைத் தொடக் கூடாது, குழாயைக் காகிதத் துண்டால் மூட வேண்டும். வீட்டில் ஆயிரம் தடவை கை கழுவியவர்கள் இதில் கோட்டை விடுகிறார்கள். வீல்சேருக்கு மாற்றும்போது பிரேக் போடாமல் விட்டால் மற்றதெல்லாம் சரியாகச் செய்தாலும் அந்தச் செய்முறை போச்சு, ஏனென்றால் உண்மையில் அந்த இடத்தில் அவர் கீழே விழுந்திருப்பார்.

அடுத்தது மறதி. உள்ளே வந்ததும் உங்கள் பெயர் சொல்ல வேண்டும், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்ல வேண்டும், திரையை இழுக்க வேண்டும், தண்ணீர் சூடு சரியா என்று அவரையே தொட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்ல வேண்டும், துடைக்கும் பகுதியைத் தவிர மற்றதைப் போர்த்தியே வைக்க வேண்டும், முடிந்ததும் படுக்கையைத் தாழ்த்தி, கூப்பிடும் பட்டனைக் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாணவர்கள் இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள், பதற்றத்தில் மறந்துவிடுகிறார்கள். நான் வகுப்பில் செய்வது, மாணவர்களையே ஒருவர் மாற்றி ஒருவர் படுக்கையில் படுக்கச் சொல்லி, பெயர் சொல்லாமல் பேசாமல் ஒருவர் வந்து போர்வையை விலக்கினால் எப்படி இருக்கிறது என்று உணரச் செய்வது. ஒரு முறை படுத்துப் பார்த்தவர்கள் பிறகு திரை இழுக்க மறப்பதில்லை. வீட்டில் கணவரையோ பிள்ளையையோ படுக்க வைத்து, வாயால் ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே பழகுங்கள்.

தேர்வில் ஒரு படி தவறிவிட்டது தெரிந்தால் உறைந்து நிற்காதீர்கள். "தவறு செய்துவிட்டேன், திருத்துகிறேன்" என்று தேர்வாளரிடம் சொல்லிவிட்டுச் சரியாகச் செய்ய அனுமதி உண்டு. வரிசை முக்கியமான சில படிகளுக்கு மட்டும் இது பொருந்தாது.

ஃபெயில் ஆனால்?

குறைந்தது மூன்று முறை எழுத விட வேண்டும் என்பது ஃபெடரல் விதி. பொதுவாக எந்தப் பகுதியில் தவறினீர்களோ அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும், கட்டணம் கட்ட வேண்டும். எந்தச் செய்முறையில் தவறினீர்கள் என்று அறிக்கையில் இருக்கும், அதை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போங்கள்.

தேறிய பிறகு என்ன?

உங்கள் பெயர் மாநிலத்தின் செவிலியர் உதவியாளர் பதிவேட்டில் 30 நாளுக்குள் ஏற வேண்டும். வேலை கொடுப்பவர்கள் சுவரில் மாட்டும் சான்றிதழைப் பார்ப்பதைவிட இந்தப் பதிவேட்டைத்தான் பார்ப்பார்கள். பெயர் எழுத்துக்கூட்டல் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே இருக்கிறதா என்று பாருங்கள். அப்பா பெயர் முன்னே, கணவர் பெயர் பின்னே என்று நமக்கு இருக்கும் குழப்பத்தில் தேர்வு மைய வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அடையாள அட்டையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தொடர்ந்து 24 மாதம் சம்பளத்துக்கு இந்த வேலையைச் செய்யாமல் இருந்தால் சான்றிதழ் செல்லாது, திரும்பவும் பயிற்சியோ தேர்வோ. வீட்டில் மாமனாரைக் கவனித்துக்கொண்டது எவ்வளவு கடினமான வேலையாக இருந்தாலும் கணக்கில் வராது. அதனால்தான் வேலை அனுமதி எப்போது வரும் என்பதைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன். நர்சிங் ஹோமில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 12 மணி நேரம் பணிக்காலப் பயிற்சியும் உண்டு, அதை நிர்வாகமே ஏற்பாடு செய்யும்.

அதே பதிவேட்டில்தான் துன்புறுத்தல், புறக்கணிப்பு, பொருளை எடுத்தது போன்ற குற்றங்கள் நிரூபிக்கப்பட்டால் அதுவும் ஏறும். ஏறினால் எந்த நர்சிங் ஹோமும் வேலைக்கு எடுக்க முடியாது. புறக்கணிப்பு ஒரே ஒரு முறை என்றால் ஓராண்டுக்குப் பிறகு நீக்கக் கேட்டு மனுப்போட வழி இருக்கிறது, துன்புறுத்தலுக்கு அதுவும் இல்லை. அன்போடு ஒரு பாட்டி மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். யாரையும் போட்டோ எடுக்காதீர்கள், முகம் தெரியாவிட்டாலும், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மட்டும் என்றாலும்.

வேறு மாநிலத்துக்கு மாறினால்?

பெரும்பாலான மாநிலங்கள் பதிவேட்டில் நல்ல நிலையில் இருப்பவரை மறுதேர்வு இல்லாமல் ஏற்றுக்கொள்ளும், விண்ணப்பம் போட வேண்டும். குறைந்த மணி நேரம் உள்ள மாநிலத்திலிருந்து அதிகம் உள்ள மாநிலத்துக்குப் போகும்போது கூடுதல் பயிற்சியோ வேலை அனுபவமோ கேட்கப்படலாம். வீட்டைக் காலி செய்வதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்தியாவில் நர்சிங் படித்தவள் நான், நானும் 75 மணி நேரம் உட்கார வேண்டுமா?

பல மாநிலங்களில் வெளிநாட்டில் நர்சிங் படித்தவர்கள் சான்றுகளைக் காட்டி நேராகத் தேர்வு எழுதலாம். ஃபுளோரிடாவில் பயிற்சி இல்லாமலேயே யாரும் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். நர்ஸாகப் பதிவு பெற என்கிளெக்ஸ் தேர்வுக்கு ஆவணங்கள் வந்து சேரும் வரை சி.என்.ஏ.வாக வேலை பார்ப்பது நல்ல யோசனைதான், இங்குள்ள முறை பழகிவிடும். ஆனால் கையில் சி.என்.ஏ. பேட்ஜ் இருக்கும் வரை நர்ஸ் வேலையைச் செய்யாதீர்கள், தெரிந்தாலும். இது உங்களுக்குத்தான் மிகவும் கடினமாக இருக்கும்.

சம்பளம் எப்படி?

உழைப்புக்குக் குறைவு, அதை மறைக்க வேண்டியதில்லை. 2023-இல் நாடு முழுவதுக்குமான இடைநிலை ஆண்டுச் சம்பளம் சுமார் 38,000 டாலர், அதாவது பாதிப் பேர் இதைவிட அதிகமாகவும் பாதிப் பேர் குறைவாகவும் வாங்கினார்கள். மருத்துவமனைகளும் பெரிய நகரங்களும் கூடுதலாகத் தரும். மாலை, இரவு, வார இறுதி ஷிஃப்டுகளுக்குத் தனித் தொகை பல இடங்களில் உண்டு. முழுநேர வேலையில் மருத்துவக் காப்பீடு கிடைக்கிறதா என்று கேளுங்கள், சில குடும்பங்களுக்குச் சம்பளத்தைவிட அது பெரிது.

கூச்சமாக இருக்கிறது, அசுத்தம் எல்லாம் என்னால் முடியுமா?

இதை வெளிப்படையாகக் கேட்பவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்நிய ஆணின் உடலைக் கழுவ வேண்டுமே என்ற தயக்கம், சாதி, சமூகம் என்று ஊரில் என்ன சொல்வார்கள் என்ற பயம், வீட்டில் இந்த வேலையைச் சொல்லவே கூச்சம். முதல் இரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும், பிறகு பெரும்பாலானவர்களுக்குப் பழகிவிடுகிறது. படுக்கையில் இருப்பவருக்கு உங்களைவிட அதிகக் கூச்சம். தன் பேத்தி வயதுப் பெண் தன்னைத் துடைக்கிறாள் என்று அவர் கண்ணை மூடிக்கொள்வார். நீங்கள் முகம் சுளிக்காமல், இயல்பாகப் பேசிக்கொண்டு, போர்த்தியபடி, சீக்கிரமாக முடித்தால் அவருக்கு அதைவிடப் பெரிய நிம்மதி இல்லை. ஊர் பேச்சுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: இது படித்துத் தேர்வு எழுதிச் செய்யும் வேலை, வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. உண்மையிலேயே முடியாதவர்களும் இருக்கிறார்கள், அது தவறில்லை, கிளினிக்கல் முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

முதுகு போய்விடும் என்கிறார்களே?

போகும், கவனிக்காவிட்டால். இந்த வேலையில் முதுகுக் காயம் சாதாரணம். படுக்கையை உங்கள் இடுப்பு உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள், முடிந்ததும் தாழ்த்துங்கள். இடுப்பில் கட்டும் கெய்ட் பெல்ட் இல்லாமல் யாரையும் நிற்க வைக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள், அது அவர் தோளையும் கெடுக்கும். அவருடைய குறிப்பில் இரண்டு பேர் வேண்டும் என்று இருந்தால் இரண்டாவது ஆள் வரும் வரை நில்லுங்கள், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை நிர்வாகம் இலவசமாகத் தர வேண்டும், போட்டுக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து நர்ஸ் ஆக முடியுமா?

முடியும். எல்.பி.என். (ஆர்.என்.னுக்கு ஒரு படி கீழே உள்ள நர்ஸ்) சுமார் ஓராண்டு, கம்யூனிட்டி காலேஜில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) பட்டம் முன்பாடங்களைச் சேர்க்காமல் இரண்டாண்டு. சில நர்சிங் பள்ளிகள் சேர்க்கைக்கே சி.என்.ஏ. சான்றிதழ் கேட்கின்றன, சில மருத்துவமனைகள் தங்கள் ஊழியர் படிக்கப் பணம் கொடுக்கின்றன. ஆனால் எல்லாரும் மேலே போயே ஆக வேண்டும் என்றில்லை. இருபது ஆண்டுகளாகச் சி.என்.ஏ.வாகவே இருக்கும் சிலரிடம்தான் நான் அதிகம் கற்றேன்.

முதல் வேலையில் சேரும்போது எதைக் கேட்க வேண்டும்?

பகல் ஷிஃப்டில் ஒரு சி.என்.ஏ.வுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், மாலையிலும் இரவிலும் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து எத்தனை நாள் வேலை பழக விடுவார்கள், மெக்கானிக்கல் லிஃப்ட் எத்தனை இருக்கிறது, ஆள் வராத நாளில் என்ன செய்வார்கள் என்றும் கேளுங்கள். முடிந்தால் ஒரு நடை உள்ளே போய்ப் பாருங்கள், அழைப்பு விளக்குகள் எவ்வளவு நேரம் எரிந்துகொண்டே இருக்கின்றன என்று கவனியுங்கள். நீண்ட நேரம் எரிந்தால் அங்கே ஆள் பற்றாக்குறை, நேர்காணலில் என்ன சொன்னாலும்.